பிரான்சில் என் முதல் வருடம்



எமது கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி தமிழ் ரீச்சர் கேட்டபோது, "எதைப் பற்றி எழுதுவது ரீச்சர்?" என்றேன். "பிள்ளைகள் உன்னிடம் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுது, அது போதும்" என்றார். 2023 செப்டெம்பரில் நான் பிரான்சுக்கு வந்த நாளிலிருந்து தங்கைமார் அனுப்பும் குரல் பதிவுகளில் மூன்று கேள்விகள் மாறாமல் வருகின்றன. அங்கே பர்தா போட விடுகிறார்களா? பிரெஞ்சு மொழியில் எப்படிப் படிக்கிறீர்கள்? என்ன சாப்பிடுகிறீர்கள்? பெற்றோர் கேட்பது வேறொரு கேள்வி: பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்பலாமா? நான்குக்கும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் பர்தா. நான் புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது, அரச பாடசாலைகளில் மாணவிகள் இனி அபாயா அணிய முடியாது என்று பிரான்சின் கல்வி அமைச்சர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அந்தச் செய்தி எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர ஒரு நாள்கூட எடுக்கவில்லை. மாமி அழுதார். உம்மா அழவில்லை. அடுக்கி வைத்திருந்த சூட்கேசைத் திறந்து, உள்ளே இருந்த அபாயாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். "இதைக் கழற்றித்தான் படிக்க வேண்டுமென்றால் அந்தப் படிப்பு எமக்கு வேண்டாம் மகள்" என்றார். வாப்பா அதிகம் பேசவில்லை. "ஆட்கள் சொல்வதை விடு. சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்" என்றார்.

அன்றிரவு முழுக்க இருந்து வாசித்தேன். பிரான்சில் அரசையும் மதத்தையும் பிரித்த சட்டம் 1905 இல் வந்தது. அரச பாடசாலைகளில் மாணவர்கள் மத அடையாளத்தை வெளிப்படையாகக் காட்டும் உடைகளை அணியக்கூடாது என்ற சட்டம் 2004 இல் வந்தது. எமது பர்தா மட்டுமல்ல, யூதர்களின் தொப்பி, சீக்கியர்களின் தலைப்பாகை, பெரிய சிலுவை எல்லாமே அதற்குள் அடங்கும். பொது இடங்களில் முகத்தை மூடக்கூடாது என்பது 2010 ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 2004 ஆம் ஆண்டுச் சட்டம் உயர்தர வகுப்பு வரைக்கும்தான். பல்கலைக்கழக மாணவிகளை அது கட்டுப்படுத்தாது. காலையில் உம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். இரண்டு தடவை கேட்டார். பிறகு அபாயாக்களை மடித்துத் திரும்பவும் சூட்கேசுக்குள் வைத்தார்.

இங்கே நான் பர்தாவுடன்தான் விரிவுரைக்குப் போகிறேன். ஆய்வுகூடத்தில் மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. துணி பருத்தியாக இருக்க வேண்டும், முனைகளை வெள்ளை மேலங்கிக்குள் செருகிக்கொள்ள வேண்டும். தீ பற்றாமல் இருப்பதற்காக எல்லோருக்கும் உள்ள விதியின் ஒரு பகுதி அது. தலைமுடி நீளமாக உள்ளவர்கள் கட்டாயம் கட்ட வேண்டும்.

எல்லாம் சுகமாகப் போகிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் டிராமில் வயதான ஒருவர் என் தலையைக் காட்டி உரத்த குரலில் ஏதோ சொன்னார். அப்போது என் பிரெஞ்சு அவ்வளவு போதாது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து அவருக்குப் பதில் சொன்னார். அதுவும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. முதலாவது விளங்காமல் போனதற்கு அல்ஹம்துலில்லாஹ் என்றும், இரண்டாவது விளங்காமல் போய்விட்டதே என்றும் நினைத்துக்கொண்டு இறங்கினேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது நாட்டு பஸ்களில் எம்மைப் பார்த்த பார்வைகள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பார்வைக்கு விசா தேவையில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவள் என் வகுப்புத் தோழி. லியோனிலேயே பிறந்த அல்ஜீரியக் குடும்பத்துப் பிள்ளை. பதின்மூன்று வயதிலிருந்து பர்தா அணிகிறாள். உயர்தரம் முடியும் வரை ஒவ்வொரு நாளும் பாடசாலை வாசலில் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உள்ளே போவாளாம், மாலையில் வாசலைத் தாண்டியதும் போட்டுக்கொள்வாளாம். ஐந்து வருடம். பல்கலைக்கழகத்தின் முதல் நாள் வாசலில் தன் கை தானாகத் தலைக்குப் போனது என்று சொன்னாள். நான் எமது கல்லூரியைப் பற்றிச் சொன்னேன். அங்கே பர்தா என்பது வெள்ளைச் சீருடையின் ஒரு பகுதி. அயர்ன் பண்ணாமல் வந்தால் மாணவத் தலைவியிடம் ஏச்சு விழும். அதைப் போடுவதா விடுவதா என்று நாம் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளோ தினமும் இரண்டு தடவை யோசித்திருக்கிறாள்.

அவளுக்கு விஞ்ஞான ஆசிரியையாக விருப்பம். ஆனால் இங்கே அரச ஊழியர்கள் பணியில் எந்த மத அடையாளமும் அணிய முடியாது, ஆசிரியர்களும் அதற்குள் அடங்குவர். அந்தக் கனவையா இந்தத் துணியையா விடுவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. என்னிடம் கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்காகத் துஆச் செய்யுங்கள்.

இரண்டாவது கேள்வி மொழி. நான் உயர்தரத்தைத் தமிழ் மொழி மூலம் உயிரியல் பிரிவில் படித்தவள். அதற்குப் பிறகுதான் பிரெஞ்சு தொடங்கினேன். தெமட்டகொடையில் மாமி வீட்டில் தங்கி, கொழும்பு அலியான்ஸ் பிரான்சேசில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாகப் போனேன். பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு இங்கே பெரும்பாலும் பி2 மட்டம் கேட்கிறார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் எடுத்தது. ஆங்கிலமே தடுமாறும் எனக்கு இது முடியுமா என்று பயந்தேன். ஆனால் பிரெஞ்சு பேசத் தெரிந்துதான் நாம் எல்லோரும் பிறந்திருக்கிறோம் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்தது. நாம் பாண் என்பதை இவர்கள் மூக்கால் "பேன்" என்கிறார்கள். நாம் குசினி என்பதை இவர்கள் "குய்சின்" என்கிறார்கள். அலுமாரிக்கு "ஆர்முவார்", போத்தலுக்கு "பூத்தெய்". பாணும் குசினியும் அலுமாரியும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். போர்த்துக்கேய மொழியும் பிரெஞ்சும் இலத்தீன் தாயின் பிள்ளைகள். எனவே எங்கள் வீட்டு அடுப்படிச் சொற்களுக்கு இங்கே சாச்சியின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அரபுச் சொற்களும் வந்து கைகொடுக்கும். கடைக்கு இவர்கள் சொல்லும் "மகசேன்" என்பது களஞ்சியங்களைக் குறிக்கும் "மகாஸின்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பேச்சு வழக்கில் வைத்தியரை "தூபிப்" என்பார்கள். அது நாம் அறிந்த "தபீப்".

கஷ்டமானது பால் பிரிவு. நன்னூல் படித்த எமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, கதை முடிந்தது. பிரெஞ்சில் மேசை பெண், மேசைமேல் உள்ள புத்தகம் ஆண். சூரியன் ஆண், சந்திரன் பெண். ஏன் என்று கேட்கக்கூடாது, மனனம் பண்ண வேண்டும்.

அடுத்தது எண்கள். எழுபதுக்கு இவர்கள் "அறுபது பத்து" என்கிறார்கள். எண்பதுக்கு "நான்கு இருபது". தொண்ணூற்றொன்பதுக்கு "நான்கு இருபது பத்து ஒன்பது". தொலைபேசி இலக்கத்தையும் இரண்டு இரண்டு இலக்கமாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள். "அறுபது" என்று கேட்டு வெளிநாட்டு மாணவர்கள் ஆறு என்று எழுதியதும் "பத்து எட்டு" என்று பின்னால் வரும், அது எழுபத்தெட்டு. வகுப்பில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் சிரித்தேன். இரவில் படுத்திருக்கும்போதுதான் எமது எண்கள் நினைவுக்கு வந்தன. தொண்ணூறுக்குள் நூறு எப்படி வந்தது? தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் எப்படி வந்தது? இத்தனை வருடம் சொல்லியும் நான் கவனித்ததில்லை. வேறொரு மொழியைப் படிக்கும்போதுதான் சொந்த மொழியின் முகம் தெரிகிறது.

இரசாயனப் பாடத்தில் இன்னொரு வேடிக்கை. ஐதரசனை இவர்கள் "இத்ரொஜென்" என்று ஹகரம் இல்லாமல் சொல்கிறார்கள். எமது தமிழ்ப் பாடநூலும் ஹகரத்தை விட்டுவிட்டுத்தானே ஐதரசன் என்று எழுதியது! ஆனால் நைதரசனைத் தேடினால் கிடைக்காது. இவர்கள் அதை "அசோத்" என்பார்கள். லவோசியேயும் அவருடைய தோழர்களும் 1787 இல் மூலகங்களுக்குப் புதிய பெயர்களை வகுத்தபோது வைத்த பெயர் அது. உயிர் வாழ உதவாத வளி என்பது அதன் கிரேக்கக் கருத்து. அந்தப் பெயரை இவர்கள் இன்றுவரை விடவில்லை. குறியீடு மட்டும் எங்கும் ஒன்றுதான். கரும்பலகையில் சமன்பாட்டை எழுதியதும் எனக்கு மூச்சு வரும். சொல் விளங்காவிட்டாலும் சமன்பாடு விளங்கும். தமிழில் படித்ததால் பின்தங்கிவிடுவோம் என்று யாரும் பயப்பட வேண்டாம். எமது கல்லூரியில் ரீச்சர் சமன்படுத்தச் சொல்லித் தந்த முறைதான் இங்கும் எனக்குச் சோறு போடுகிறது.

என் வளாகம் லியோனை ஒட்டிய வில்லர்பானில் உள்ளது. பெரிய மண்டபத்தில் சில நூறு பேருக்குப் பேராசிரியர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போவார். நோட்ஸ் தரமாட்டார். பிறகு சிறு குழுக்களாகப் பயிற்சி வகுப்பு, ஆய்வுகூட வகுப்பு. புள்ளிகள் இருபதுக்கு. பத்து எடுத்தால் சித்தி, பன்னிரண்டு எடுத்தால் பரவாயில்லை, பதினாறு என்றால் மிக நன்று. முதல் பரீட்சையில் எனக்குப் பதினொன்று. உயர்தரத்தில் "ஏ" எடுத்த பிள்ளைக்குப் பதினொன்றா என்று உம்மா கவலைப்பட்டார். அன்று வகுப்பில் பாதிப் பேருக்குப் பத்தே கிடைக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். அடுத்த தவணையில் பதினான்கு எடுத்தேன்.

ஒரு சொல்லை மட்டும் இங்கு வருபவர்கள் கட்டாயம் கொண்டுவர வேண்டும். "போன்ஜூர்." கடைக்குள் நுழைந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும் அலுவலகத்தில் எதைக் கேட்பதற்கு முன்னும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் முகம் சுருங்கிவிடும். வீட்டுக்குள் நுழையும்போது ஸலாம் சொல்லிப் பழகிய எமக்கு இது புதிதல்ல. "நீ", "நீங்கள்" வேறுபாடும் எம்மைப் போலவே இவர்களிடமும் உண்டு. இது இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காத சௌகரியம்.

மூன்றாவது கேள்வி சாப்பாடு. நான் இருப்பது அரச மாணவர் விடுதியில், ஒன்பது சதுர மீற்றர் அறை. கட்டில், மேசை, அலுமாரி, ஒரு சன்னல். குசினி எல்லோருக்கும் பொது. மாணவர் உணவகத்தில் நான் வந்தபோது ஒரு நேரச் சாப்பாடு 3.30 யூரோ. மீன் அல்லது மரக்கறி இருக்கும் நாளில் அங்கே சாப்பிடுவேன். ஹலால் இறைச்சிக் கடைகள் லியோனில் நிறைய உண்டு. கவனிக்க வேண்டியது இனிப்புகளை. பன்றி ஜெலட்டின் சேர்த்த மிட்டாய்கள் அதிகம். பொதியின் பின்பக்கத்தை வாசிப்பதில்தான் என் பிரெஞ்சு வேகமாக வளர்ந்தது.

தொழுகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எமது ஊரில் கிப்லா என்றால் மேற்குப் பக்கம். "மேற்கே கால் நீட்டிப் படுக்காதே" என்று உம்மம்மா சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன். இங்கே மக்கா தென்கிழக்கில். காலை வெயில் வரும் சன்னலைப் பார்த்துத் தொழுகிறேன். நேரங்களும் ஊரில் போல ஒரே ஒழுங்கில் நிற்காது. எமது நாட்டில் வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதித்து ஒரே நேரத்தில் மறையும். லியோனில் டிசம்பரில் விடியும்போது காலை எட்டு மணி தாண்டும், மஃரிப் மாலை ஐந்து மணிக்கே வந்துவிடும். லுஹரும் அஸரும் மஃரிபும் வகுப்பு நேரத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். வளாகத்தில் தொழுகை அறை கிடையாது. இடைவேளையில் விடுதிக்கு ஓடிப்போய்த் தொழுதுவிட்டு ஓடி வருவேன். ஜூனில் மஃரிப் இரவு ஒன்பதரைக்கு, இஷா பதினொரு மணிக்கும் பிறகு. ஊரில் பாங்கு வந்து எம்மைக் கூப்பிடும். இங்கே பாங்கை நாமேதான் தேடிப் போக வேண்டும். தொழுகை என் சொந்தப் பொறுப்பு என்பது அப்போதுதான் உறைத்தது.

2024 நோன்பு மாதத்தில் இன்னொரு புதினம். மார்ச் 31 ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். முதல் நாள் ஏழு மணிக்குப் பிறகு நோன்பு திறந்த நாங்கள் மறுநாள் எட்டு மணிக்குப் பிறகு திறந்தோம். பொதுக் குசினியில் நான் நோன்புக் கஞ்சி காய்ச்சினேன். மொரோக்கோப் பிள்ளை ஹரீரா சூப் செய்தாள். செனகல் பிள்ளை பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். மேல்மாடியில் இருந்த முஸ்லிமல்லாத பிரெஞ்சுப் பிள்ளை வாசனைக்கு இறங்கி வந்து, "நானும் சேரலாமா?" என்றாள். கஞ்சி அவளுக்கு இரண்டு கோப்பை போனது.

டிசம்பர் விடுமுறையில் தேங்காய்ப் பாலுக்கும் மாசிக்கும் ஏங்கி பாரிசுக்குப் போனேன். அதிவேக ரயிலில் இரண்டு மணித்தியாலம். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல் என்ற பகுதி. கடைப் பெயர்ப் பலகையெல்லாம் தமிழ். ஒரு கடையில் வயதான முதலாளி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "பிள்ளை எந்த இடம்?" என்றார்.

"புத்தளம் அங்கிள்."

"தமிழ் எங்கட பக்கத்துத் தமிழ் மாதிரிக் கிடக்கு?"

"வாப்பா யாழ்ப்பாணம். சோனகத் தெரு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐஞ்சு சந்தியடியோ?" என்றார். அந்தச் சந்தியில் ஒரு தையற்கடையில்தான் தன் தகப்பனுக்குச் சேட் தைத்தது என்றார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவுக்குப் பதினைந்து வயது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைச் சொல்லவில்லை. "நாங்களும் தொண்ணூற்றைஞ்சில வெளிக்கிட்டனாங்கள்" என்று மட்டும் சொன்னார். நான் எடுத்ததைவிடக் கூடுதலாகக் கறிவேப்பிலையைப் பையில் வைத்து, "வாப்பாவைக் கேட்டதாச் சொல்லும்" என்றார்.

அன்றிரவு வாப்பாவிடம் சொன்னேன். ஊரில் அப்போது நள்ளிரவு. அந்தத் தையற்கடை எந்தப் பக்கம், அடுத்த கடை எது, தைத்தவர் எப்படிச் சிரிப்பார் என்று வாப்பா அரை மணித்தியாலம் கதைத்தார். புத்தளத்தில் ஒரே வீட்டில் இருந்த இருபது வருடத்தில் அவற்றில் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

கடைசியாகப் பெற்றோரின் கேள்வி. செலவைப் பற்றி நேராகச் சொல்கிறேன். விசாவுக்கு மாதம் 615 யூரோ கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு முதற்பட்டப் படிப்புக் கட்டணத்தை 2019 இல் வருடத்துக்கு 2,770 யூரோ என்று ஆக்கினார்கள். பின்னர் அது சற்றுக் கூடியுள்ளது. பல பல்கலைக்கழகங்கள் இதில் விலக்குத் தருகின்றன. எனவே விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். மாணவர்கள் வருடத்துக்கு 964 மணித்தியாலம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. வந்து மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் முகவர்களிடம் விடாமல் பிள்ளையே செய்து பழக வேண்டும். இங்கே வந்த பின் ஒவ்வொரு கடிதத்துக்கும் அவள்தான் பதில் எழுதப் போகிறாள்.

அனுப்பலாமா என்றால், எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பலாம் என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சலில் தனியாகப் படுத்திருந்த இரவுகள் உண்டு. பெருநாள் காலையில் பரீட்சை எழுதியவர்களும் உண்டு. ஆனால் தனியாக அனுப்புகிறோம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அவள் என்ன பழகினாளோ அதுதான் அவளுடன் வரும். சமைக்கப் பழக்கியிருந்தால் அது வரும். கேள்வி கேட்கப் பழக்கியிருந்தால் அதுவும் வரும். "சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்" என்று வாப்பா சொன்ன ஒரு சொல், இங்கே எத்தனையோ அலுவலக மேசைகளின் முன்னால் எனக்குத் துணை நின்றிருக்கிறது.

தங்கைமாரே, விருப்பமுள்ளவர்கள் உயர்தரம் எழுதும்போதே மொழியைத் தொடங்குங்கள். அகராதி ஒன்று வாங்குங்கள். பாணிலிருந்து தொடங்கினால் மிச்சம் வந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.